ராகுகாலத்துக்கு முன் பூட்டிய ஹெடர்

கார் திருத்துகிறவனுக்குக் காரால் வரும் தொல்லை கொஞ்சம். காரோடு சேர்ந்து வரும் குடும்பத்தால் வருவதுதான் மிச்சமெல்லாம். நீங்களும் ஊரார் சாமானைத் திருத்திப் பிழைக்கிறவரென்றால் இதற்கு விளக்கம் தேவைப்படாது. கோண்டாவிலில் நான் கராஜ் போட்டுப் பதினெட்டு வருடமாகிறது. அதில் இணுவில் குகனுடைய காரால் நான் பட்ட பாட்டை மட்டும் இங்கே சொல்கிறேன்.

குகனுக்கு வங்கியில் வேலை, வயது முப்பத்திமூன்று, கையில் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். மாப்பிள்ளைக்குக் கார்ப் பைத்தியம் என்று கேள்விப்பட்டே இரண்டு சம்பந்தம் குழம்பிவிட்டது. மூன்றாவதும் குழம்பினால் காரை விற்றுவிடுவதென்று அவனுடைய தகப்பனார், ஊர்த் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற விதானையார், கோயில் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் குகன் வெளிநாட்டிலிருந்து புது மவுண்டும் ஹெடரும் எடுப்பித்திருந்தான்.

கட்டுப்பல்

எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் றப்பர்த் துண்டுதான் மவுண்ட். காரோடு வருகிற மவுண்ட் மெத்தென்று இருக்கும். எஞ்சினின் ஆட்டத்தை அதுவே விழுங்கிவிடும். குகன் எடுப்பித்தது கல்லு மாதிரி. வேகமாகக் கியர் மாற்றினாலும் எஞ்சின் அசையாது, ஆனால் அதன் நடுக்கமெல்லாம் இருக்கைக்கு வந்துவிடும். சொல்லிப் பார்த்தேன். யூடியூப்பில் பார்த்துவிட்டு வந்தவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

மவுண்டைப் பொருத்திப் பூட்டி முடித்த அன்று தாயாரை ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போய் வந்தான். கராஜ் வாசலில் எஞ்சினை நிற்பாட்டாமலே, எப்படி இருக்கிறது என்று பெருமையாகக் கேட்டான். அம்மா தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“நான் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறன் தம்பி. என்ரை கட்டுப்பல்லுதான் தன்பாட்டிலை கதைக்குது.”

வெள்ளிக்கிழமை பத்தரை

ஹெடர் என்பது எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி. பூட்டியதும் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, பிறகு ஆறவிட்டு, நட்டுகளைத் திரும்ப ஒருமுறை இறுக்க வேண்டும். ஆறுவதற்கு ஒரு மணித்தியாலமாவது போகும். எங்கள் தொழிலில் இதை மீறக்கூடாது. நான் மீறினேன்.

ஹெடர் பூட்டிய அன்றைக்கே நெல்லியடிக்குப் பெண் பார்க்கப் போகிறார்களென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. காலை பத்து மணிக்கு, எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, வேட்டி சால்வையோடு விதானையார், பின்னால் குகனும் அம்மாவுமாக, வந்து நின்றார். பத்தரைக்கு ராகுகாலம், அதற்கு முன் புறப்பட்டாக வேண்டும். வேறு வாகனம் பிடியுங்கள் என்றேன். புறப்படுகிற நேரம் வாகனத்தை மாற்றுவது சகுனப்பிழையாம். கார்த் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் சின்ன வயதிலிருந்தே விதானைமாரைக் கண்டால் எனக்கு முதுகு தன்னால் வளையும். நட்டு இறுக்க வேண்டும் ஐயா என்று இழுத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நட்டைப் பிறகும் இறுக்கலாம் தம்பி. ராகுகாலத்தைத் தள்ளி வைக்கேலுமே?”

வல்லை வெளி

குகனுக்குப் பயம். பெண்வீட்டில் சிநேகிதன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையும் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டான். நெல்லியடிப் பாதையில், கொக்குகள் மேயும் வல்லை வெளியில் நான் பயந்தது தொடங்கியது. நட்டு இளகி, ஹெடருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள காஸ்கெட் தகட்டு இடுக்கால் புகை ஊதி, டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். குகன் என்னைப் பார்த்தான். நான் கொக்குகளைப் பார்த்தேன். பின்னாலிருந்த அம்மா கை கூப்பினார்.

“கேட்டியளே, பல்லி சொல்லுது. இந்தச் சம்பந்தம் சரிவரும்.”

முற்றத்தில் நின்ற பஸ்

பெண்ணின் தகப்பனார் சொந்தமாகப் பஸ் வைத்து ஓட்டுகிறவர், அதன் திருத்த வேலையும் வீட்டு முற்றத்திலேயே. வாணி என்ற அந்தப் பிள்ளை, முறைப்படி தேநீர்த் தட்டோடு பிறகுதான் வந்திருக்க வேண்டும். நாங்கள் எஞ்சினை நிற்பாட்டும் முன்னமே படியிறங்கி வந்து, காதைச் சாய்த்துக் கேட்டது.

“ஹெடர் காஸ்கெட் ஊதுது. சூடாறின பிறகு திருப்பி இறுக்கேல்லையோ?”

விதானையார் சால்வையைச் சரிசெய்தார். குகன் தகப்பனைக் காட்டிக் கொடுத்திருக்கலாம், என்னையும் காட்டியிருக்கலாம். “நான்தான் அவசரப்பட்டு எடுத்துக்கொண்டு வந்தனான்” என்றான். என் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்ட வாடிக்கையாளரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். வெட்கமாக இருந்தது, அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

பெரியவர்கள் உள்ளே பலகாரம் சாப்பிட்டார்கள். எஞ்சின் ஆறியதும் நான் நட்டுகளை இறுக்கினேன். பஸ்ஸின் கருவிப் பெட்டியிலிருந்து சரியான ஸ்பானரை எடுத்துத் தந்தது வாணிதான். சிநேகிதன் என்ற பொய் என் கிறீஸ் படிந்த நகங்களைப் பார்த்த உடனேயே போயிருக்கும். குகனும் வாணியுமாக அதுகள் இரண்டும் என் முதுகுக்கு மேலால் கதைத்துக்கொண்டே நின்றன, மவுண்டைப் பற்றித் தொடங்கி எங்கெங்கோ போனது கதை. கடைசியில் வாணியின் தகப்பனார் வெளியே வந்து, என்ன பிள்ளை சொல்லுறாய் என்று கேட்டார். குகன் கையிலிருந்த எண்ணெய்த் துணியைப் பிழிந்துகொண்டு நின்றான். காரும் கலியாணமும் அந்தப் பதிலில்தான் கிடந்தன.

“எனக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு அப்பா. மெக்கானிக்கைத்தான் மாத்தவேணும்.”

கலியாணம் ஒப்பேறினால் தரகருக்குப் பட்டுவேட்டி கிடைக்கும். மெக்கானிக்குக்குக் கிடைப்பது ஒரு நேரக் கலியாணச் சாப்பாடும், வாடிக்கையாளர் ஒருவர் குறைந்த கராஜும்தான்.