‘கமெண்ட் மறைக்கப்பட்டது’

‘கமெண்ட் மறைக்கப்பட்டது’ என்று திரையில் வந்ததும் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் கலைவாணியின் போன்.

“அண்ணா, நீங்க அத எடுக்கலையா?”

“அப்பவே எடுத்துட்டேனேம்மா.”

“எங்க கொழுந்தனாரு போன்ல இன்னும் இருக்குதேண்ணா. எல்லாருக்கும் படிச்சு வேற காட்றாரு.”

கலைவாணி மாதனூர்ப் பெண். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன். எங்கள் வட்டார ஆன்லைன் குழுவில் — சும்மா இருக்கத் தெரியாமல் நான் அட்மினாகி மாட்டிக்கொண்டிருக்கும் குழுவில் — தினமும் காலையில் ஒரு வரி போடுவாள். ‘கம்பெனி பஸ் கெளம்பிடுச்சு.’ ‘இன்னைக்குப் பத்து நிமிஷம் லேட்.’

முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவள் அவள். அந்த ஒரு வரியை நம்பித்தான் அடுத்தடுத்த ஸ்டாப்பில் எத்தனையோ பெண்கள் அடுப்பை அணைப்பதா, இன்னொரு தோசை ஊற்றுவதா என்று முடிவு செய்கிறார்கள். பஸ்ஸை விட்டால் அரைநாள் போச்சு.

அந்த வரிக்குக் கீழேதான் குமார் என்கிற ஆள், அவளையும் பஸ் டிரைவரையும் சேர்த்து ஒன்று எழுதியிருந்தான். என்ன எழுதினான் என்று இங்கே சொல்ல மாட்டேன். ஒருமுறை சொல்லிப் பட்டுவிட்டேன்.

அப்புறம் நான் மறைத்தது எங்கேதான் போனது?

உதவிப் பக்கத்தைத் துருவினேன். மறைத்த கமெண்ட், எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மட்டும் தெரியுமாம். மற்றவர்களுக்குத் தெரியாதாம்.

அட, எங்கள் ஊரில் யார் யாருக்கு நண்பன் இல்லை? குமாரும் அந்தக் கொழுந்தனும் ஒரே கிரிக்கெட் டீம். யார் பார்க்கக் கூடாதோ அவர்களுக்கெல்லாம் பளிச்சென்று தெரிகிறது... தோல் ஊறும் தொட்டிக்கு மேலே கோணியைப் போட்டு மூடிவிட்டு, நாற்றம் போய்விட்டது என்று நினைத்திருக்கிறேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான்!

குமார் போட்டதைப் பற்றிப் புகார் கொடுத்தேன். பிறகு அடியோடு அழித்தேன். புகாருக்கு, ‘இது எங்கள் விதிகளுக்கு முரணாக இல்லை’ என்று பதில் வந்தது. கொதித்துப்போய், அவன் எழுதியதை அப்படியே நானே எழுதிப் போட்டு, ‘இப்படியும் எழுதலாமா?’ என்று கேட்டேன். இரண்டே நிமிடத்தில் இயந்திரம் விழித்துக்கொண்டது. தகாத சொல் பயன்படுத்தியதற்காக எனக்கு ஒருநாள் தடை.

எனக்கு!

அதற்குள் கலைவாணி வீட்டில் பேச்சு முற்றியிருந்தது. வேலைக்கே போக வேண்டாம் என்கிறார்களாம். மறுநாள் அவள் போகவில்லை. வரியும் வரவில்லை. அன்றைக்கென்று பஸ் சீக்கிரம் வந்து போய்விட்டது.

காலையிலேயே ஒரு போன். குமார்.

“சார், அந்தப் பொண்ணு ஏன் இன்னைக்குப் பஸ் போடல? எங்க வீட்ல பஸ்ஸ விட்டுட்டு வந்து நிக்குது சார்.”

போனை வைத்துவிட்டு, கலைவாணியைக் கூப்பிட்டேன். “அவனை பிளாக் பண்ணிடறேன்மா.”

“வேணாம்ணா. அவரு வீட்டு அக்காவுக்குத் தனி போன் கெடையாது. அந்தாளு பாத்துச் சொன்னாதான் அது கெளம்பும். எனக்குப் பக்கத்து மெஷின்ண்ணா அது.”

“அப்ப இன்னா பண்ணச் சொல்ற?”

“போட்டது பொய்னு அவரையே எழுதச் சொல்லுங்க. குரூப்லயே. எங்க கொழுந்தனாரு பாக்கறாப்ல.”

குமாரிடம் சொன்னேன். “சும்மா ஜாலிக்குப் போட்டது சார். இதுக்குப் போயி...” என்று இழுத்தான்.

“சரி. நாளைக்கும் உங்க வீட்ல பஸ்ஸ விடட்டும்” என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தது: ‘நான் போட்டது பொய். சாரி சிஸ்டர்.’ கீழே நாலைந்து சிரிப்பு முகங்கள்.

மறுநாள் காலை குழுவைத் திறந்தேன். ‘பஸ் கெளம்பிடுச்சு. அஞ்சு நிமிஷம் முன்னாடி.’

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டேன். மெஷின் சத்தம் ஓய்ந்து, பின்னால் பெண்களின் சிரிப்பு கேட்டது. “உங்க கொழுந்தனாரு இதையும் வீட்ல படிச்சுக் காட்டினாராம்மா?”

“எங்கண்ணா! அவரு அப்படியே போனை உள்ள வெச்சுக்கினாரு. நாந்தான் எல்லாரையும் உக்கார வெச்சு சத்தமா படிச்சேன். ரெண்டு வாட்டி.”