உள்ளங்கை அளவு பயணம்

டென்மார்க்கின் சில்க்போர்க்கில் எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் எனக்கு எதிரே இருப்பவர் அவர், என்னைப் போல ஈழத்தமிழர். மெலிந்த உடம்பு, எப்போதும் நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் பகுதியான யூலான்டின் வரைபடத்தை மேசையில் விரித்து, உள்ளங்கையை அதன்மேல் வைப்பார். ஒரு நாள் கார் ஓட்டம் அந்தக் கைக்குள் அடங்க வேண்டும். வெளியே போகும் ஊரை விட்டுவிடுவார்.

“கிழமை முழுக்க இந்த வயல் றோட்டுத்தானோ?” என்று கேட்டேன்.

“ஓம். மத்தியானத்தோட காரை நிப்பாட்டிப் போடுவன். பிறகு நானும் மனிசியும் சும்மா இருப்பம்.”

“அங்க ஆரைத் தெரியும்?”

“ஒருத்தரையும் தெரியாது. தெரிஞ்ச ஆக்கள் இருக்கிற ஊர் எண்டா சுத்திப் போவம். நீங்கள் எங்க அண்ணை?”

சொன்னேன். ஜெர்மனியில் மச்சாள் வீடு, பாரிஸில் அண்ணன் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு, திரும்பும் வழியில் ஹொலண்டில் சித்தப்பா வீடு. எல்லாம் ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள்.

“பாவம், கார்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாரிஸ் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது அவரிடமிருந்து கைபேசியில் ஒரு படம் வந்தது. பார்லி வயலோரம் கார்க் கதவு திறந்திருக்க, புல்லில் அவருடைய மனைவி வாய் பிளந்தபடி நித்திரை. எதற்காக அதை எனக்கு அனுப்பினார் என்று இன்றும் விளங்கவில்லை.

பக்கத்தில் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை மற்றக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆர் அனுப்பினது?” என்றாள்.

“வேலையிடத்து ஆள்.”

அவள் எட்டிப் பார்க்குமுன் படத்தை அழித்துவிட்டேன்.