லண்டன் செத்த காலேஜில் குளிர் காய்ந்த கதை

இந்த ஊரில் சூட்டுக்கும் காசு. எங்கள் அறை மூலையில் இருக்கும் காஸ் கணப்பு, வாயில் ஒரு செப்புக்காசு விழுந்தால்தான் எரியும். தீர்ந்ததும் முனகிக்கொண்டு அணைந்துவிடும். போன மார்கழியில் ஒரு ஞாயிறு அது அணைந்தபோது, கந்தல் கோட்டு போட்ட வெள்ளைக்காரப் பிச்சைக்காரர் ஒருவர் எதிர்த்தெருவில் இருந்த மியூசியத்துக்குள் நிதானமாகப் படியேறிப் போவதை ஜன்னல் வழியே பார்த்தேன். யாரும் அவரைத் தடுக்கவில்லை. உள்ளே வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன, டிக்கெட்டும் கிடையாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காலணியைப் பாதி மாட்டியபடியே கிளம்பிவிட்டேன்.

என்னோடு வந்தவர் ஆரோக்கியம் அண்ணன், என் அறைக்கூட்டாளி. திண்டிவனத்துப் பக்கத்துச் சேரியில் பிறந்தவர். ஒரு துரை குடும்பத்துக்குச் சமையற்காரராகக் கப்பலேறி வந்து, அவர்கள் கைவிட்டபின் ஓட்டல் அடுக்களையில் வேலை செய்கிறார். நான் பகலில் மின்சாரப் படிப்பு, மாலையில் அதே ஓட்டலில் தட்டுக் கழுவல். மியூசியம் என்றதும் அவர், “அட, செத்த காலேஜா?” என்றார். சென்னைப் பட்டணத்து மியூசியத்துக்கு நம் பக்கத்தில் அதுதானே பெயர். சிறு வயதில் ரயிலேறிப் போய்ப் பார்த்திருக்கிறார்.

அன்று முதல் ஞாயிறுதோறும் ஒவ்வொரு மியூசியமாகப் போனோம். தொடக்கத்தில் எனக்கு ஒரே வெறி. எகிப்து, கிரீஸ், திமிங்கிலம், ரத்தினக்கல் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட ஓடினேன். இப்போது அலுத்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். எல்லா நாட்டு வாழ்வையும் கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்துக் கால் வலிக்கிறது. குழாயோரத்து பெஞ்சில் உட்கார்ந்து தூங்கவே போகிறேன்.

சென்ற ஞாயிறு, கல்வகைகள் இருந்த கூடத்தில் அண்ணன் சட்டென்று நின்றார். மெருகேற்றிய மரப்பீடத்தில் ஒரு பெரிய கல்துண்டு. சீட்டில் ‘தென்னாற்காடு’ என்று போட்டிருந்தது. திருவக்கரைக் காட்டில் கிடக்கும் கல்மரம்.

“இது அசுரன் எலும்பு தம்பி,” என்றார். “ஆடு மேச்சிக்கினு இதுமேலதான் குந்திக்கினு இருப்போம்.”

மரம் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன விவரத்தை நான் படபடவென்று விளக்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற காவலரிடம் போய், கல்லைக் காட்டி, “மை வில்லேஜ், சார்,” என்றார். அந்தக் கிழவருக்கு என்ன புரிந்ததோ, வீடு திரும்ப வழி கேட்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும், வாசலைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். அண்ணன் உடனே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே நடந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“போவ சொல்றாரு, வா தம்பி. பேஜாரு எதுக்கு.”

“இல்லண்ணே. வழி அது, ஆனா அவசரம் இல்ல, ஆறு மணி வரைக்கும் இருக்கலாம்னு சொன்னாரு.”

நம்பாமல் காவலரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் அவர் ஊருக்குப் போகிறார். மறுபடி உலகச் சண்டை வரும் என்று லண்டனே பேசுகிறது. சென்னைக்குத் திரும்பும் ஒரு குடும்பம் அவரை வேலைக்கு அழைத்துப் போகிறது. எங்கள் ஊர் வளவனூரில் என் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு பிஸ்கோத்து டப்பா வாங்கி வைத்திருந்தேன். மேலே கப்பல் படம் போட்டது. அவரும் சரி என்றிருந்தார். அன்று பெஞ்சில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“டப்பாவ குடுக்கும்போது நான் எங்க நிக்கணும் தம்பி? தெருவாண்டயா, கொட்டாயாண்டயா?”

அப்பா மல்லாட்டைக் கடலை பயிர் போட்டு நாலு காசு பார்த்த குடியானவர். கெட்டவர் அல்லர். ஆனால் சேரி ஆட்கள் வந்தால் மாட்டுக்கொட்டகைப் பக்கம்தான். தாகம் என்றால் குவித்த கையில் தண்ணீர் மேலிருந்து விழும். நானும் அண்ணனும் இங்கே ஒரே சட்டியில் சோறு வடித்து, ஒரே தட்டில் தொட்டுக்கொண்டு தின்றிருக்கிறோம். ஆகவே முந்திரிக்கொட்டையாகச் சொன்னேன்: “என்னண்ணே கேள்வி? நேரா உள்ள போங்க, என் பேரச் சொல்லுங்க.”

அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு, அதுதான் தாங்கவில்லை.

“நீ இங்க குந்திக்கினு அங்க கதவு தொறக்கிற. அடி எனக்கில்ல வுழும்?”

மணியடித்தார்கள், வெளியே வந்தோம். மழைத்தூறலில் அவர் எனக்கும் சேர்த்துக் குடை பிடித்தார்.

இதைப் படிக்கும் புலம்பெயர்ந்த நண்பர்களே, நமக்கெல்லாம் இங்கே எந்த வாசலும் திறந்திருக்கிறது என்று ஊருக்குப் பெருமையாக எழுதுகிறோம். நான் இனி வேறு மாதிரி எழுத வேண்டும். இந்த வாரத் தபாலில் அப்பாவுக்கு எழுதப் போகிறேன்: ஆரோக்கியம் என்று ஒருவர் வருவார், என் அண்ணன் மாதிரி, கூடத்தில் உட்காரவைத்து இலை போடுங்கள். முடியாதென்றால் முன்கூட்டியே எனக்கு எழுதிவிடுங்கள். அவர் வீண் நடை நடக்க வேண்டாம். நான் படிப்பு முடிந்து வரும் நாளில், எனக்கும் கொட்டகைப் பக்கமே இலையைப் போட்டுவிடுங்கள்.