செட் புடவை

என் கடையில் ஒரு நாளைக்கு அதிகம் கேட்கும் சொல் செட். "அக்கா, ஆதார் ரெண்டு செட்டு." "டி.சி., மார்க் ஷீட்டு எல்லாம் மூணு செட்டு போடுங்க." "ஒரு செட்டு பத்தாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்கக்கா." சங்கராபுரத்தில் தாலுகா ஆபீஸுக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு வேறு என்ன காதில் விழும்? பதினாறு வருஷமாக அந்த ஒரு சொல்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது. அதே சொல் என் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டும் என்று நான் நினைக்கவில்லை.

பக்கத்துக் கடை ஃபேன்சி ஸ்டோர். அதை நடத்துபவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள், பாய் வீட்டுப் பெண். வளையல் செட், கம்மல் செட் என்று அவள் கடையிலும் அந்தச் சொல்லுக்கு ஓய்வில்லை. மதியம் இரண்டு மணிக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவாள். மெஷினுக்குப் பின்னால் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அதில் சுவரை ஒட்டி இரண்டு ஸ்டூல். என் புளிக்குழம்பு அவளுக்கு, அவள் தால்ச்சா எனக்கு. நோன்பு மாதத்தில் நான் தனியாகச் சாப்பிட வேண்டியிருக்கும். அந்த முப்பது நாளும் எனக்குச் சோறு இறங்காது. வீட்டுக்காரரிடம் சொல்லாததைக்கூட அந்தச் சந்தில் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எதிர்க் கடைக்கு ஒரு டைலர் வந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலையையும் தாண்டி ஏதோ ஓர் ஊர். பிள்ளைகள் படிப்புக்காகக் கீழே இறங்கி வந்த குடும்பம். எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். வந்த வாரமே ஒரு தூக்கு நிறைய மலைப் பலாச்சுளையோடு எங்கள் இரண்டு கடைக்கும் ஏறி இறங்கினாள். சக்கரை நோய் என்று சொல்லி நான் இரண்டே சுளை எடுத்துக்கொண்டேன். எனக்குச் சக்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பக்கத்துக் கடைக்காரி எட்டுச் சுளை தின்றுவிட்டு விரலைச் சப்பினாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். நாலு மணி டீயை நானும் இவளும் சேர்ந்து குடிப்பதுதான் வழக்கம். அது எதிர்க் கடைக்கு இடம் மாறியது. போனில் எதையோ காட்டி இரண்டு பேரும் சிரிப்பார்கள். ரோட்டைத் தாண்டி அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு வந்து சேரும். இரண்டும் செட்டு சேர்ந்துவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு இன்னா போச்சு?" என்றார். எனக்கு இன்னா போச்சு என்று அவருக்கு எப்படிச் சொல்வது? பொறாமைதான். சுற்றி வளைக்க என்ன இருக்கிறது.

ஆனால் தன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று பக்கத்துக் கடைக்காரி முதலில் என்னிடம்தான் ஓடிவந்தாள். "அக்கா, பொண்ணுக்கு எடம் செட் ஆயிடுச்சு! கள்ளக்குறிச்சி மாப்ள." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதிர்க் கடைக்காரி அப்போது கச்சிராயபாளையத்தில் யாருக்கோ அளவெடுக்கப் போயிருந்தாள். அவள் இல்லாததால் என்னிடம் வந்தாளோ என்று இரண்டு நாள் கழித்து என் புத்திக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அந்த அழுகையின் ருசியும் போய்விட்டது.

ஒரு மாதம் போனது. ஒரு நாள் காலையில் டைலர் வந்தாள். "அக்கா, உங்க நம்பருக்கு ரெண்டு படம் அனுப்பிக்கிறேன். கலர்ல ரெண்டு செட்டு போட்டுக் குடுங்கக்கா. வயசானவங்க போன்ல பாத்தா கண்ணு தெரியலன்றாங்க."

முதல் படம் ஒரு புடவை. மாங்காய் ஜரிகை போட்ட பார்டர். இரண்டாவது படம், பக்கத்துக் கடைக்காரி கல்யாணத்துக்காக நோட்டுத் தாளில் எழுதிய பட்டியல்: பெரியம்மா, சின்ன நாத்தனார், மச்சி, மாமி என்று வரிசையாகப் பத்துப் பேர், ரவிக்கை அளவோடு. பதினோராவதாக 'டைலர்' என்று இருந்தது. எல்லாருக்கும் ஒரே புடவை, ஒரே கலர். இப்போது எந்த விசேஷத்திலும் இதுதானே பழக்கம்? வீட்டுக்கு வேண்டிய பெண்கள் எல்லாம் ஒரே மாதிரி செட் புடவை கட்டி வாசலில் நின்று வரவேற்பது. பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தேன். நான் இல்லை.

மெஷின் தாளைத் தள்ளியது. அவள் எடுத்துப் பார்த்தாள். "கலரு லேசா செவக்குதே அக்கா. நீல இங்க் கம்மியாக்கீதா?"

"எங்க மெஷின்ல கலர் மாறாது. உன் போன்லதான் ஜாஸ்தியா காட்டும்" என்றேன்.

"சரிங்கக்கா. டிசைனு தெரிஞ்சா போதும்" என்று சிரித்தபடி போய்விட்டாள். வாடிக்கையாளர் படத்தை உடனே அழித்துவிடுவது என் கடையின் வழக்கம். அவள் முன்னாலேயே அழித்தேன். ஆனால் இரண்டு செட்டுக்கு மூன்று செட் போட்டிருந்தேன். மூன்றாவதை மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தேன்.

அன்று மதியம் என் ஸ்நேகிதி டப்பாவைத் திறந்தபடி மண்டபம், பிரியாணி மாஸ்டர் என்று என்னென்னவோ பேசினாள். புடவைப் பேச்சு மட்டும் எடுக்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

மறுநாள் கல்லூரிப் பெண் ஒருத்தி பிராஜெக்ட் பிரின்ட் எடுக்க வந்தாள். ஆங்கிலம் படிக்கிறாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போல அவள் பிராஜெக்டும் அந்தச் சொல்லைப் பற்றித்தான் இருந்தது. செட் என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கில அகராதி பக்கம் பக்கமாக அர்த்தம் சொல்கிறதாம். ஸ்டேப்ளர் பின் அடிக்கும் சாக்கில் தாள்களைப் புரட்டினேன். புரியாததை அவளிடம் கேட்டேன். இது பிறப்பில் ஒரே சொல் இல்லையாம். ஒரு செட்டுக்கு 'உட்கார வை' என்று அர்த்தம், இங்கிலீஷ்காரர்களின் பழைய சொல். கான்கிரீட் இறுகுவது, சூரியன் மறைவது எல்லாம் அதன் வாரிசு. இன்னொரு செட் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவர் பின்னால் போகிற கூட்டம் என்று அதற்குப் பொருள். இரண்டுக்கும் முகச்சாயல் ஒன்றாக இருந்ததால் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

"எங்க ஊர்ல இன்னும் நெறைய இருக்கும்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். நைனார்பாளையத்தில் என் அப்பா செட்டுக்குப் போயிருக்கிறார் என்றால் கிணற்று மோட்டார் கொட்டகைக்குப் போயிருக்கிறார் என்று பொருள். என் மாமனார் பல் செட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் தூங்குவார். எதிர் ஓட்டலில் செட் தோசை, கோயிலில் மைக் செட். அவள் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள். கூட்டம் என்ற அர்த்தம் மட்டும் எனக்குத் தொண்டையில் நின்றது. ஒருத்தி பின்னால் பதினோரு பேர் போகிறார்கள், அதில் நேற்று வந்தவளும் உண்டு, பதினாறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள் இல்லை.

அதற்கடுத்த வாரம் கண் டாக்டரைப் பார்க்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். பெரிய ஜவுளிக்கடையில் மூன்றாவது மாடி. தாளை விரித்துக் காட்டினேன். விற்கிற பையன் அதே டிசைனில் ஏழு கலர் எடுத்துப் போட்டான். "கத்திரிப்பூ கலர் எடுங்கம்மா, அதான் நல்லா போவுது" என்று ஒன்றை முன்னால் தள்ளினான். எனக்கு யோசனை சொல்ல நீ யார் என்று அதை ஒதுக்கினேன். தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டார்க் ரோஸ் அச்சாகப் பொருந்தியது. வாங்கினேன். ரவிக்கையை அங்கேயே யாரோ ஒரு டைலரிடம் அவசரமாகத் தைத்து வாங்கினேன். செட்டில் என்னைச் சேர்க்காவிட்டால் என்ன, நானே போய் வரிசையில் நிற்கிறேன், அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கிறேன். அந்த ஆத்திரத்தில் பத்து நாள் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் பெண்கள் பக்கத்து வாசலுக்குப் போனேன். பன்னீர்ச் செம்பும் கல்கண்டுத் தட்டுமாகப் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். பதினோரு பேரும் கத்தரிப்பூ கலர். அதே மாங்காய், அதே ஜரிகை. நான் ஒருத்தி மட்டும் டார்க் ரோஸ்.

நீல இங்க். இரண்டு மாதமாக ஊற்றாமல் தள்ளிப்போட்ட நீல இங்க். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. திரும்பி ஓடிவிடலாம் என்றால் பின்னால் மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம். அதில் ஓர் அம்மா என் முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னாங்க இது, டிசைன் மட்டும் ஒண்ணா கீது? இவங்க வேற செட்டா?"

டைலரின் கண் என் பார்டரில் விழுந்தது. அங்கிருந்து என் முகத்துக்கு வந்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது. அந்தப் பிரின்ட் அவளிடமும் இருக்கிறதே.

"இவங்க பொண்ணோட அம்மாவுக்கு அக்கா மாதிரிங்க" என்றாள் அவள். "அதான் இவங்களுக்குத் தனி கலரு. நான்தான் எடுத்தேன்." சொன்ன கையோடு என்னைப் பக்கத்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "கை இறுக்கிக்கினு கீதே அக்கா, ரத்தம் கட்டிக்கும்" என்று கைப்பையிலிருந்து பிளேடை எடுத்து ரவிக்கைக் கையில் ஒரு தையலைப் பிரித்துவிட்டாள். கை விடுதலையானது. ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு சிரிப்பும் இல்லை.

அவள் சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். இந்த நல்ல குணமும் அவளுக்கே வாய்க்க வேண்டுமா என்று எரிந்தது. என் ஸ்நேகிதி மேடைக்கும் பந்திக்கும் ஓடிக்கொண்டிருந்தவள், நடுவில் ஒரு தடவை நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். பிரியாணி எனக்கு மண்ணாக இருந்தது.

மூன்றாம் நாள் அவள் கடை திறந்தாள். இரண்டு மணிக்கு டப்பாவோடு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, மூடியைத் திறக்காமல் கேட்டாள்.

"ஏங்க்கா அப்பிடி பண்ண? ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"நீ ஏன் என் பேர எழுதல?" என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"நீதானக்கா சொன்ன? அந்தக் காதுகுத்துல. பேண்டு செட்டு மாதிரி நிக்கிறாளுங்க பாரு, தல போனாலும் இத நான் கட்ட மாட்டேன்னு."

சொல்லியிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, அவள் காதிலேயே சொல்லியிருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும்.

"எழுதினா எனக்காக நீ கட்டுவ. கட்டிக்கினு உள்ளுக்குள்ள கூசுவ. எதுக்குன்னு வுட்டுட்டேன். டைலர் பொண்ணு அப்பவே சொன்னா, அக்காவ எதுக்கும் ஒரு வார்த்த கேளுங்கன்னு. நான்தான், வேணாம், எனக்கு எங்கக்காவ தெரியும்னேன்." டப்பா மூடியை நகத்தால் சுரண்டினாள். "தெரியல போல."

அந்த இரண்டு சொல் என்னை அறைந்தது. எதிர்க் கடைக்காரி எனக்காகப் பேசியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது இவளுக்குத் தெரியவில்லை. நானும் இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து, எனக்கு வேண்டும் என்று ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. மற்றதையெல்லாம் பேசியிருக்கிறேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? நாளையிலேர்ந்து அவளையும் இங்க சாப்பிட வரச் சொல்லட்டுமா? தையல் மெஷினாண்ட ஒண்டியா தின்னுகினு கீறா."

இல்லை என்று சொன்னால் இவள் கேட்டுக்கொள்வாள். அதுவும் எனக்குத் தெரியும். அப்படிக் கேட்டுக்கொண்டு, இரண்டு மணிக்கு ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று போவாள். பிறகு அங்கேயே இருந்துவிடுவாள். "வரட்டும்" என்றேன். பிறகு அவள் கேட்காமலே சொன்னேன்: "எனக்குப் பொறாமடி. உன்ன யாருக்கும் பங்கு வெக்க மனசு வரல." அவள் சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து முதல் கரண்டியை என் தட்டில் வைத்தாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக நீல இங்க் ஊற்றினேன். பிளாஸ்டிக் கடையில் ஒரு ஸ்டூல் வாங்கிவந்தேன். இரண்டு மணிக்குச் சந்தில் மூன்று ஸ்டூலையும் சுவரை ஒட்டி வரிசையாகப் போட்டேன். ரோட்டைப் பார்த்தேன். இரண்டு பேரும் டப்பாவோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் படியேறுவதற்குள் நடு ஸ்டூலில் நான் உட்கார்ந்துகொண்டேன்.