மகராஜ் நின்ற வாசல்

நாகலாபுரத்தில் என்னோடு படித்த பிள்ளைகளுக்குப் பண்டிகை என்றால் வடை, பாயசம், புதுத்துணி. எங்கள் வீட்டில் பண்டிகை என்றால் அடுப்பு மூட்டாத நாள். அஷ்டமிக்கும் சதுர்த்தசிக்கும் அம்மா ஒருவேளைதான் சாப்பிடுவாள். ஆடியிலும் கார்த்திகையிலும் பங்குனியிலும் நந்தீஸ்வர பூஜை வரும். மழைக்காலத்தில் தசலட்சணம் வரும். அனந்த விரதத்தன்று தண்ணீர்ச் சொம்புகூடக் கவிழ்ந்தே கிடக்கும். ஊரே பட்டாசு வெடிக்கும் தீபாவளியை, மகாவீரர் முக்தியடைந்த நாள் என்று விடியற்காலைப் பூஜையோடு முடித்துக்கொள்வோம். "உங்க சாமிக்குப் பசியே எடுக்காதா?" என்று வகுப்பில் கேட்பார்கள். முறைத்துவிட்டு வருவேன்.

எனக்குப் பிடித்தது அட்சய திருதியை ஒன்றுதான். அன்று கரும்புச்சாறு கிடைக்கும். எங்கள் முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர் துறவு பூண்டு ஊர் ஊராக நடந்தபோது, துறவிக்கு எப்படிச் சோறு போடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். யானையை நீட்டினார்களாம், நகையை நீட்டினார்களாம். வெகு காலம் கழித்து ஒரு ராஜாவுக்குத்தான் கரும்புச்சாறு கொடுக்கத் தோன்றியதாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம், அந்தக் காலத்து ஜனங்கள் இத்தனை மக்காகவா இருந்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்ததற்கு வட்டியோடு அனுபவித்தேன், ஐந்தாம் வகுப்பு படிக்கையில்.

அந்த வருஷம் கார்த்திகை மாதத்தில், ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து திருப்பதிக்கு நடந்துபோகும் திகம்பர முனிவர் ஒருவர் எங்கள் ஊரில் தங்கப்போகிறார் என்று செய்தி வந்தது. மகராஜ் என்றுதான் அவரைச் சொல்ல வேண்டும். உடம்பில் துணி கிடையாது, காலில் செருப்பு கிடையாது. கையில் மயிற்பீலியும் கமண்டலமும் மட்டும். ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் நின்றபடி, உள்ளங்கையில் வாங்கிச் சாப்பிடுவார். தண்ணீரும் அந்த ஒரு வேளைதான்.

ஊரில் சமணர் வீடு இரண்டே இரண்டு. ஒன்று எங்களுடையது. ஒட்டினாற்போல் இருக்கும் மற்றது என் அப்பா, நைனாவின் அண்ணன் வீடு, அதாவது என் பெரிய நைனா வீடு. இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. கொல்லையில் இருக்கும் தென்னை மரம் யாருக்கு என்று ஆரம்பித்த வாய்த்தகராறு, நடுவில் சுவர் எழுப்புகிற அளவுக்குப் போய்விட்டது. அந்தச் சுவர் கிணற்றின் மேலேயே போனது. பாதிக் கிணறு எங்களுக்கு, பாதிக் கிணறு அவர்களுக்கு, மரம் அவர்களுக்கு. இரண்டு வீட்டிலும் போர் போட்டு மோட்டார் வைத்த பிறகு கிணற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மகராஜுக்குச் சமைக்க மோட்டார் தண்ணீர் ஆகாது. கையால் இறைத்து, துணியில் வடிகட்டிய கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும். ஆகவே அன்று விடியற்காலையில் சுவருக்கு இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் பெரியம்மாவும் கயிறு விட்டு இறைத்தார்கள். இரண்டு வாளியும் உள்ளே முட்டிக்கொண்டு சத்தம் போட்டன. மேலே இருந்தவர்கள் அவரவர் கயிற்றை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள்.

சாப்பாடு தயாராக இருந்தால் மட்டும் போதாது. மகராஜ் தாம் தங்கியிருக்கும் மண்டபத்திலிருந்து கிளம்பும்போது மனசுக்குள் ஒரு சங்கல்பம் செய்துகொள்வார். இன்னது கண்ணில் பட்டால்தான் நிற்பது என்று. அது தேங்காயாக இருக்கலாம், ஒரு பூவாக இருக்கலாம், நிற்கிறவர்கள் நிற்கிற விதமாகக்கூட இருக்கலாம். யாருக்கும் சொல்ல மாட்டார். மடித்துணி கட்டி, கலசமும் தேங்காயும் ஏந்தி, வாசலில் நின்று மூன்று தரம் நமோஸ்து சொல்லி அழைக்க வேண்டும். நினைத்தது தென்பட்டால் நிற்பார். இல்லையென்றால் திரும்பிப்போய் மறுநாள் வரைக்கும் பட்டினி.

முதல் நாள் அவர் நிற்கவில்லை. அவரோடு நடந்து வந்த பக்தர்கள் மண்டப வாசலில் சமைத்துவிட்டு நின்றார்கள், அவர் அங்கே நிற்கவில்லை. பெரிய நைனா வாசலிலும் நிற்கவில்லை, எங்கள் வாசலிலும் நிற்கவில்லை. ஆகாரத்துக்குக் கிளம்பிய அடையாளமாக வலது கையைத் தோளில் வைத்தபடி தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டார்.

"சாமி இன்னிக்கித் துன்ன மாட்டாராம்மா?" என்றேன்.

அம்மா என் வாயில் லேசாகத் தட்டினாள். "ஆகாரம் எடுக்கறதுன்னு சொல்லு. துன்றதாம் துன்றது." அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. அன்று அவளும் சாப்பிடவில்லை, நைனாவும் சாப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் தட்டுச் சத்தம் கேட்கவில்லை.

செய்தி கடைத்தெருவுக்குப் போய்விட்டது. கறிக்கடைக்காரர் யாரும் கேட்காமலே கடையைச் சாத்தினார். டீக்கடையில் முட்டை அட்டையின் மேல் கோணியைப் போட்டு மூடினார்கள். வேதநாராயண சாமி கோயிலுக்குப் பூ கட்டுகிற அம்மாள், "இன்னா கோவமோ நம்ம ஊர் மேல, பச்சத்தண்ணி கூட தொடலியாமே" என்று வருவோர் போவோரிடமெல்லாம் புலம்பினாள். மறுநாளும் நிற்காவிட்டால், மகராஜ் பசியோடு புத்தூருக்கு நடந்துவிடுவார். எங்கள் ஊரில் ஒரு துறவிக்குச் சோறு போட ஆளில்லை என்று ஆகிவிடும். ஆதிநாதர் கதையில் வந்த மக்குகள் இப்போது நாங்கள்தான்.

நான் விடுவதாக இல்லை. மகராஜ் நினைத்த பொருள் எங்கள் வாசலில் இல்லை, அவ்வளவுதானே? எல்லாப் பொருளையும் வைத்துவிட்டால் ஆயிற்று. மறுநாள் காலையில் குளித்து, மடித்துணி கட்டி, கைக்கு எட்டியதையெல்லாம் ஒரு தட்டில் சேர்த்தேன். வாழைப்பழச் சீப்பு, கொய்யா, மாதுளை, சாமந்திப்பூ, மாவிலைக் கொத்து, கரும்புத் துண்டு. இவற்றுக்கு மேலே, கடையில் வாங்கிய தேங்காய். நைனா கலசத்தோடு நின்றார். அம்மா என்னைப் பார்த்து, "இன்னாடி இது, சந்தைக்கா போறே?" என்றாள். தடுக்கவில்லை. அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

மகராஜ் தெருமுனையில் திரும்பினார். பின்னால் ஒரு கூட்டமே வந்துகொண்டிருந்தது. நான் எக்கிப் பார்த்தேன். மார்போடு அணைத்திருந்த தட்டிலிருந்து தேங்காய் நழுவி, படியில் குதித்து, உருண்டு, நேராகச் சாக்கடையில் போய் விழுந்தது. தட்டைப் படியில் வைத்துவிட்டுப் பிடிக்கப் பாய்ந்த எனக்கு முழங்கை வரை சேறு. கடைக்கு ஓட நேரமில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

யோசிக்காமல் பக்கத்து வாசலுக்கு ஓடினேன். "பெரிய நைனா, ஒரு தேங்கா குடு. எங்குளுது சாக்கடைல பூட்ச்சு."

அவர் கையில் இருந்ததும் ஒரே ஒரு தேங்காய். அந்தத் தென்னை மரத்துத் தேங்காய். "உங் கைல குடுக்கக் கூடாதே, கண்ணு. சேத்தத் தொட்டுட்ட," என்றார். உண்மைதான். மடியாக இருக்கிறவர்தான் அதைக் கொண்டுபோக முடியும். அவர் கொண்டுபோனால் அவருடைய வாசல் வெறும் வாசலாகிவிடும். மகராஜ் நாலு வீடு தள்ளி வந்துகொண்டிருக்க, அவர் தேங்காயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா ரோசன பண்ணிக்கினு நிக்கறே?" என்றாள் பெரியம்மா. "அந்தப் புள்ள வந்து கேக்குது. நட." சொன்னதோடு நிற்காமல் தன் கலசத்தைத் தூக்கிக்கொண்டு அவளே முதலில் எங்கள் படி ஏறினாள்.

பெரிய நைனா போய் என் நைனாவுக்குப் பக்கத்தில் நின்றார். நைனா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஓர் அடி நகர்ந்து இடம் விட்டார். அம்மாவும் பெரியம்மாவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். மகராஜ் நெருங்கியதும், "நமோஸ்து, நமோஸ்து, நமோஸ்து! இங்கே நில்லுங்கள், நில்லுங்கள்!" என்று நாலு பேரும் ஒரே குரலாக அழைத்தார்கள். நைனாவின் குரல் நடுவில் உடைந்துபோனது. பெரிய நைனா அந்த இடத்தைத் தன் குரலால் நிரப்பினார்.

மகராஜ் நின்றார்!

மூன்று தரம் வலம் வந்து அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். சேற்றுக் கையோடு என்னை உள்ளே விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சோற்றில் ஒரு முடி, ஓர் எறும்பு தென்பட்டால் போதும், அதோடு குவித்த கையைப் பிரித்து ஆகாரத்தை முடித்துவிடுவார். முதல் கவளம் நைனாவின் விரல்களிலிருந்து சரியப் பார்த்தது. பெரிய நைனா சட்டென்று தம்பியின் மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டார். பெரியம்மா தண்ணீர் வார்த்தாள். மகராஜ் உள்ளங்கையைக் குவித்து, அவசரமில்லாமல் வயிறு நிறையச் சாப்பிட்டு முடித்தார். எந்தத் தடங்கலும் வரவில்லை.

"சாமி சாப்ட்டாரு!" என்று யாரோ தெருவில் கத்தினார்கள். அந்தக் குரல் கடைத்தெருவைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது. பூக்கார அம்மாள் கூடையிலிருந்த பூவை அள்ளி எங்கள் படியில் கொட்டினாள். சத்தியவேடு பஸ்ஸை நிறுத்தி, டிரைவர் இறங்கிவந்து கும்பிட்டார். டீக்கடைக்காரர், "அன்னம் தின்னாடய்யா!" என்று தெலுங்கில் கூவிக்கொண்டு எல்லாருக்கும் காசில்லாமல் டீ ஊற்றினார். அன்று எங்கள் ஊரைப் போல நிமிர்ந்து நின்ற ஊர் இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்காது.

மகராஜ் நினைத்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் சந்தேகமே இருக்கவில்லை. கரும்புத் துண்டுதான். அதைத் தேடி எடுத்து வைத்தவள் நான்.

சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் இரண்டு வீட்டாரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தோம். கொல்லையில் நைனாவும் பெரிய நைனாவும் கடப்பாரையை வைத்துக்கொண்டு, சுவரை எந்த மூலையிலிருந்து இடிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா என் கைச் சேற்றையெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு, எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா பெரியம்மா, சாமி எங்க வூட்லதான் நின்னாரு. உங்க வூட்ல நிக்கல. நாங்கதான் ஜெயிச்சோம்."

"ஆமா கண்ணு. நீங்கதான் ஜெயிச்சீங்க," என்றாள் பெரியம்மா. கொல்லைப் பக்கம் பார்த்துச் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடியும் சிரித்தாள். தோற்றுப்போனவள் எதற்காக இத்தனை சந்தோஷப்படுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.