கலியாணம் சொல்லப் போன வீடு

டச் போனை விட்டுச் சில வருடங்களாகின்றன. மகள் படிப்புக்குக் கேட்டாள், கொடுத்தேன். அவளுக்குப் புதியது வந்ததும் திருப்பித் தந்தாள், வேண்டாம் என்றேன். இப்போது என்னிடம் இருப்பது பட்டன் போன். அடித்தால் எடுப்பேன், அடிக்காவிட்டால் அது தன் பாட்டில் அலுமாரிக்கு மேல் கிடக்கும்.

இதனால் நிந்தவூரில் என்னைப் பற்றி இரண்டு கதை உலாவியது. ஒன்று, எனக்குக் கண் தெரியவில்லை. மற்றது, எனக்குப் பக்தி முற்றிவிட்டது. இரண்டும் பொய். எனக்கு நேரம் போதவில்லை, அவ்வளவுதான். விடியலில் சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரையில் ஒரு நடை. வந்து முருங்கைக்குத் தண்ணீர், பிறகு அடுப்பு. சமையல் முடிந்தால் ஒரு புத்தகம், அல்லது ஒன்றுமே இல்லாமல் ஒரு கதிரை. சும்மா இருப்பது லேசான வேலை இல்லை. ஆரம்பத்தில் கை தானாகப் போனைத் தேடி மடியைத் தடவியது, பிறகு பழகிவிட்டது. இன்று என்னை ஒரு கதிரையில் இருத்தினால் அரை நாள் அசையாமல் இருப்பேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

மகளுக்குக் கலியாணம் முடிவானபோதுதான் வீட்டில் இழுபறி வந்தது. எங்கள் பக்கம் கலியாணம் சொல்வதென்றால், வீட்டுப் பெண்கள் இரண்டு பேராவது சேர்ந்து போக வேண்டும். உட்கார்ந்து, கொடுப்பதைக் குடித்து, நாலு கதை கதைத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்ல வேண்டும். மகளோ தங்க எழுத்தில் ஓர் அழைப்புப் படம் செய்து, ஒரே பின்னேரத்தில் எல்லாருக்கும் போனில் அனுப்பிவிட்டாள்.

"பெரியம்மாக்கும் போட்டுட்டன் உம்மா. கட்டை விரல் காட்டியிரிக்கா."

பெரியம்மா என்றது என் ராத்தாவை, என் ஒரே அக்காவை. உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்ததிலிருந்து அவள் என் வாசல் மிதிக்கவில்லை. எங்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவளுக்கு வாப்பா கல்முனையில் புது வீடு கட்டிக் கொடுத்தார். நாங்கள் பிறந்து வளர்ந்த உம்மாவின் வீடு எனக்கு வந்தது. அதில் அவளுக்கு மனத்தாங்கல். பெருநாளைக்குக்கூட வருவதில்லை. இந்தக் கலியாணத்துக்கும் அவள் வராவிட்டால், இனி எங்கள் இருவரில் ஒருவருடைய மௌத்துக்குத்தான் மற்றவர் வருவார் என்று எனக்கு விளங்கியது. ஒரு கட்டை விரலை நம்பி அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

"நேர போய்க் கலியாணம் செல்லப் போறன்," என்றேன்.

"அவ கதவத் தொறக்காட்டி?"

"தொறக்கும் வரைக்கும் நிப்பன். எனக்கென்ன அவசரம்?"

அடுத்த நாள் காலை கல்முனைக்குப் பஸ் பிடித்துப் போனேன். கதவு திறந்தது. "வா" என்று ஒரு சொல். முன் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ராத்தா கையில் போனோடு உட்கார்ந்தாள். நான் கலியாணத்தைச் சொன்னேன்.

"போன்ல வந்திச்சி. பதிலும் போட்டாச்சி," என்றாள், தலை நிமிராமல்.

வேறு யாராவது என்றால் அத்தோடு எழும்பி வந்திருப்பார்கள். நான் இருந்தேன். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொன்னது, அவளுடைய பாயிலேயே தொழுதேன். சோறு போட்டாள், சாப்பிட்டேன். திரும்பவும் அதே கதிரை. டிவியில் ஒரு நாடகம் முடிந்து இன்னொன்று தொடங்கியது. அவள் போனைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். விரல்கள் அப்படியே உம்மாவின் விரல்கள். எனக்கு அவள் மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

"இன்னும் எத்தின ஊட்டுக்குப் போகோணும் நீ?" என்று கடைசியில் கேட்டாள்.

"இண்டைக்கு உங்கட ஊடு மட்டும்தான் ராத்தா."

போனைக் கவிழ்த்து வைத்தாள். டிவியை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் சண்டைக்கு வந்தது.

"போன்ல சென்னா என்ன, நேர வந்து சென்னா என்ன, எனக்கு ரெண்டும் ஒண்டுதான். கூடப் பொறந்தவளுக்கு ஆராவது கலியாணம் செல்லுறயா? அது பிறத்தியாருக்குத்தானே செல்லுற. எனக்குச் செல்ல வந்த நீ, உன்னோட சேர்ந்து செல்லுறதுக்கு என்னக் கூப்பிட்டயா?"

நேரில் வந்ததே பெரிய மரியாதை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்திருந்தேன். இரண்டு பேர் போக வேண்டிய வேலைக்குத் தனியாகக் கிளம்பிய என் மண்டையில், அந்த இரண்டாவது ஆள் இவள்தான் என்பது ஏறவே இல்லை.

"வாங்க ராத்தா," என்றேன். "எனக்குத் தனியப் போக ஏலாது."

உள்ளே போனாள். புது அபாயாவைப் போட்டுக்கொண்டு, முக்காட்டுக்கு ஊசி குத்தியபடி வந்து வீட்டைப் பூட்டினாள். நான் பஸ் எடுக்கும் பக்கம் திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்து நேரே அடுத்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சலாம் சொன்னதும் அந்த வீட்டுப் பெண் வெளியே வந்தாள். நான் வாய் திறக்குமுன் ராத்தா முந்திக்கொண்டாள்.

"எங்கட மகளுக்குக் கலியாணம். நிந்தவூர்ல, எங்கட ஊட்டுலதான். கட்டாயம் வரோணும்."