இங்கிலீஷ் வீட்டுப்பாடமும் டவுன்ஷிப் அப்பாக்களும்

இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு என் கிளாஸில் நடந்த கூத்து இது...

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தேன். டெம்பரரி டீச்சர்! ஜூனில் ஆர்டர் வந்தால் வேலை. வராவிட்டால் குவார்ட்டர்ஸ்.

(குவார்ட்டர்ஸ் வாழ்க்கை தெரியுமில்லையா? இந்தப் பக்கம் ஒரே மாதிரி வீடு, அந்தப் பக்கமும் ஒரே மாதிரி வீடு. நடுவில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலெல்லாம் தூங்கும் கணவர். மிக்சியைக்கூடப் போட முடியாது!)

மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். சும்மா உட்காரச் சொன்னால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அந்த வேலை போய்விடக் கூடாதே என்று தினமும் சாமியைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன்.

பிள்ளைகளுக்கு கிராமர் என்றாலே வேப்பங்காய். அதனால் வாக்கியத்தைப் படமாகப் போட்டுக் காட்டினேன். நீளமாக ஒரு கோடு. அதில் யார், என்ன செய்கிறார், எதை என்று வரிசையாக வார்த்தைகள். 'பெரிய', 'கறுப்பு' மாதிரி ஒட்டு வார்த்தைகளுக்கு மட்டும் அடியில் சாய்வாகக் குட்டிக் கோடுகள்.

போட்டு முடிக்கவில்லை, பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"மிஸ், இது கன்வேயர் மிஸ்!"

சுரங்கத்துப் பிள்ளைகள் அல்லவா! நீளக் கோடு நிலக்கரி ஓடுகிற மெயின் பெல்ட்டாம். குட்டிக் கோடெல்லாம் அதில் வந்து கொட்டுகிற பெல்ட்டாம். அன்றிலிருந்து கிளாஸே ஜோர்.

வினை வீட்டுப்பாடத்தில் வந்தது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள், ஆளுக்கொரு வாக்கியம் கொடுத்துப் பெரிய தாளில் படம் போட்டு வரச் சொன்னேன். சுவரில் ஒட்டி அதிகாரியை அசத்திவிடலாம் என்று ஒரு நப்பாசை.

காலையில் தாள்களைப் பிரித்தேன்.

ஸ்கேல் வைத்த கோடுகள். அம்புக்குறிகள். அளவுகள். 'தி பிக் மெஷின் கட்ஸ் கோல்' என்ற வாக்கியத்தில், 'கட்ஸ்' என்ற வெர்புக்குப் பக்கத்திலேயே மோட்டார்! இன்னொன்றில் மூலையில் கட்டம் கட்டி 'செக்டு பை' என்று கையெழுத்து!

நம் டவுன்ஷிப் அப்பாக்களை நான் மறந்துபோனேன் பாருங்கள். பிள்ளை தாளில் ஒரு கோடு இழுத்தால் போதும், "தள்ளு, அப்பா போடறேன்" என்று பென்சிலைப் பிடுங்கிக்கொள்ளும் ரகம்!

வேறு போடச் சொல்ல நேரமில்லை. ஹெட்மாஸ்டர் வேறு "ஒட்டுங்க, ஒட்டுங்க" என்று நிற்கிறார். ஒட்டிவிட்டு வராண்டாவுக்கும் கிளாஸுக்கும் நடந்தேன், நடந்தேன், அப்படி நடந்தேன். கையிலிருந்த சாக்பீஸ் எப்போது பொடியானது என்றே தெரியாது.

அதிகாரி வந்தார். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. மோட்டார் படத்தின் முன்னால் நின்றார்.

"இது யார் போட்டது?"

கஸ்தூரி எழுந்தாள். அவளுடைய அப்பாவுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை.

"எங்கப்பா சார்."

"இது?"

"எங்கப்பா சார்," என்றான் இன்னொருவன்.

"அது?"

"அதுவும் எங்கப்பாதான் சார்!" (பெருமை வேறு!)

என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்க பாடம் நடத்துறது பிள்ளைங்களுக்கா, அப்பாங்களுக்கா?"

போச்சு, எல்லாம் போச்சு.

அவர் பேனாவைத் திறந்தார். கஸ்தூரி மட்டும் இன்னும் உட்காரவில்லை.

"சார், எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது சார்."

"அப்புறம் எப்படிம்மா போட்டாரு?"

"கோடுதான் சார் அவரு போட்டாரு. எந்த வார்த்தை எங்க வரணும்னு நான்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கினு இருந்தேன். 'பிக்'க எடுத்துக்கினு போயி கட்ஸுக்குக் கீழ மாட்டப் பாத்தாரு. பெருசா இருக்கறது மெஷினுப்பா, மெஷினுக்குக் கீழதான் மாட்டணும்னு சொன்னா, சண்டைக்கு வராரு சார்! திரும்பத் திரும்பச் சொன்னப்புறம்தான் புரிஞ்சுது அவருக்கு."

"எங்க வூட்லயும் அப்படித்தான் சார்!" என்று கிளாஸே கத்தியது.

அதிகாரி புதிதாக ஒரு வாக்கியம் சொல்லி, சாக்பீஸை நீட்டினார். கஸ்தூரி போர்டில் போட்டாள். கோடுகள் கோணல்மாணல். ஆனால் ஒரு வார்த்தைகூட இடம் மாறவில்லை!

பேனாவை மூடினார். "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்மா நடத்தியிருக்கீங்க," என்றார்.

எனக்கு உயிர் வந்தது.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட கேட்டில் சைக்கிளோடு ஒருவர் நின்றார்.

"நான் கஸ்தூரி அப்பாங்க."

"உங்க பொண்ணுதாங்க இன்னிக்கு என்னைக் காப்பாத்துச்சு," என்றேன்.

அது அவர் காதில் ஏறவே இல்லை. சைக்கிள் பெல்லைத் தடவிக்கொண்டே நின்றார்.

"டீச்சர், நாளைக்கும் அந்தப் படம் போடற பாடம் குடுப்பீங்களா?"

"ஏங்க?"

"ஷிப்டு முடிஞ்சு வந்தா, தூங்கட்டும்னு வூட்ல எல்லாரும் என்னைய வுட்டுட்டுப் போயிடுவாங்க. நேத்துதாங்க பாப்பா எம்பக்கத்துல உக்காந்து அம்மாம் நேரம் பேசிச்சு. பேசிச்சுன்னா, திட்டிச்சு. ஆனா நல்லா இருந்துச்சுங்க."

ஜூனில் ஆர்டர் வந்தது. ஒன்பதாம் வகுப்பையும் எனக்கே கொடுங்கள் என்று ஹெட்மாஸ்டரிடம் சண்டை போட்டு வாங்கினேன்.

முதல் நாளே வீட்டுப்பாடம்!